கழுத்துப் பயிற்சி: படுத்துச் செய்வதா, உட்கார்ந்து செய்வதா?

மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 4.5 முதல் 5 கிலோ வரை இருக்கும். இந்த எடையை ஏழு கழுத்து முள்ளெலும்புகளும், அவற்றைச் சுற்றி அடுக்கடுக்காக அமைந்த தசைகளும், மனிதர் விழித்திருக்கும் நேரம் முழுவதும் சுமக்கின்றன. ஒருவரைப் பக்கவாட்டில் நின்று பார்க்கும்போது அவருடைய காது தோள்மூட்டுக்கு நேர் மேலே இராமல் அதற்கு முன்னால் தள்ளி நின்றால், அதனை இயன்முறை மருத்துவர்கள் ‘முன்தள்ளிய தலைநிலை’ என்கிறார்கள். கைப்பேசியும் கணினியும் வந்த பிறகுதான் இது அதிகம் பேசப்படுகிறது என்றாலும், தையல் எந்திரத்தின் முன்னும், நகைப்பட்டறையிலும், கணக்குப் பேரேட்டின் முன்னும் குனிந்தே காலத்தைக் கழித்தவர்களிடம் இது முன்பே இருந்ததுதான். இதற்கெனச் சொல்லப்படும் பயிற்சிகளில் தாடையை உள்ளிழுக்கும் பயிற்சியே எல்லோரும் அறிந்தது. அதைக் காட்டும் படங்களும் காணொளிகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் படத்தில் இருப்பவர் மல்லாந்து படுத்திருக்கிறாரா, நாற்காலியில் அமர்ந்திருக்கிறாரா, குப்புறக் கிடக்கிறாரா என்பதை அதைப் பார்த்துச் செய்பவர்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பயிற்சியின் பெயர் ஒன்றாகவே இருந்தாலும், உடலின் கிடை மாறியவுடன் புவியீர்ப்பு தலையை இழுக்கும் திசை மாறுகிறது. அதனால் உழைக்கும் தசையும் மாறிவிடுகிறது.

முன்தள்ளிய தலையில் கழுத்து முழுவதும் ஒரே பக்கமாக வளைந்திருப்பதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள், அது சரியன்று. கழுத்தின் கீழ்ப்பகுதி முன்னோக்கி வளைகிறது. அது மட்டும் நிகழ்ந்தால் கண்கள் தரையைப் பார்க்க நேரும் என்பதால், பார்வையை நேராக வைத்துக்கொள்ளும் பொருட்டு, மண்டையோடும் முதலிரண்டு முள்ளெலும்புகளும் சேரும் மேற்பகுதி பின்னோக்கி வளைந்து தாடையை உயர்த்துகிறது. ஆகவே பிடரியின் உச்சியில், மண்டையோட்டின் விளிம்புக்குக் கீழே இருக்கும் குட்டைத் தசைகள் சுருங்கி இறுகுகின்றன. கழுத்தின் முன்புறத்தில் முள்ளெலும்புகளை ஒட்டி ஓடும் நீண்ட தசைகள் இழுபட்டு நலிகின்றன. இவ்விரண்டு வளைவுகளையும் திருத்தவேண்டும் என்பதால், திருத்தும் அசைவுகளும் இரண்டு வகைப்படும். ‘ஆமாம்’ என்று சொல்வதுபோல் மண்டையோட்டை மட்டும் சிறிதளவு குனியச் செய்வது ஒன்று. முகத்தை நேராக வைத்தபடியே தலை முழுவதையும் பின்னோக்கி நகர்த்துவது மற்றொன்று. முதலாவதை ஆமோதிப்பசைவு என்றும், இரண்டாவதைப் பின்னிழுப்பு என்றும் இங்கே குறிக்கலாம். தாடையை உள்ளிழுத்தல் என்ற ஒரே பெயரால் இரண்டையும் அழைப்பதுதான் குழப்பத்தின் தொடக்கம்.

தலை எவ்வளவு முன்தள்ளியிருக்கிறது என்பதை அளப்பதற்கும் ஒரு வழி உண்டு. குனியும்போது சட்டைக் காலருக்கு அருகே துருத்தி நிற்கும் எலும்பு பெரும்பாலும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பின் முனையாகும். அந்த முனையிலிருந்து கிடைமட்டமாக ஒரு கோடும், காதுத்துளைக்கு முன்னே உள்ள சிறிய குருத்தெலும்பு மேட்டுக்கு இன்னொரு கோடும் இழுத்தால், இடையில் கிடைக்கும் கோணம் 48 அல்லது 50 பாகைக்குக் குறைவாக இருந்தால் தலை முன்தள்ளியிருப்பதாக ஆய்வாளர்கள் பொதுவாகக் கொள்கிறார்கள். பக்கவாட்டில் எடுத்த ஒரு புகைப்படமே இதற்குப் போதும்.

தலை முன்னே செல்லச் செல்லச் சுமை ஏன் கூடுகிறது என்பது நெம்புகோல் கணக்கு. நீர் நிறைந்த குடத்தை இடுப்போடு அணைத்துச் சுமப்பதற்கும், அதே குடத்தைக் கையை நீட்டித் தூக்கிப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இதிலும் இருக்கிறது: எடை மாறுவதில்லை, தாங்கும் இடத்திலிருந்து அதன் தொலைவு மாறுகிறது, தொலைவு இரட்டித்தால் தசை ஈடுகட்டவேண்டிய திருப்புவிசையும் இரட்டிக்கிறது. 2014-இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் என்ற அமெரிக்க முதுகெலும்பு அறுவை மருத்துவர் வெளியிட்ட கணக்கீட்டின்படி, தலை 60 பாகை குனியும்போது கழுத்து உணரும் விசை ஏறக்குறைய 27 கிலோவுக்குச் சமம். உலகெங்கும் செய்தித்தாள்கள் திரும்பத் திரும்ப எடுத்தாண்ட இந்த எண், கணினி மாதிரியில் கிடைத்ததே தவிர, உயிருள்ள கழுத்துகளில் அளந்து பெற்றதன்று என்பதைச் செய்திகள் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிட்டன. எண்ணை அப்படியே நம்பவேண்டியதில்லை. தொலைவு கூடினால் சுமை கூடும் என்ற அடிப்படையில் மட்டும் ஐயமில்லை.

இந்தச் சுமையை எந்தத் தசை ஏற்கிறது என்பதே பயிற்சியைப் பொறுத்தவரை முதன்மையான கேள்வி. கழுத்தின் முன்புறத்தில் இரண்டு அடுக்குத் தசைகள் உள்ளன. காதின் பின்னுள்ள எலும்பு மேட்டிலிருந்து காறை எலும்புக்கும் நெஞ்செலும்புக்கும் சாய்வாக இறங்கி, தலையைத் திருப்பும்போது கயிறுபோல் புடைத்துத் தெரியும் தசை மேலடுக்கைச் சேர்ந்தது. உணவுக்குழாய்க்கும் மூச்சுக்குழாய்க்கும் பின்னால், முள்ளெலும்புகளின் முன்முகத்தோடு ஒட்டிக் கிடப்பவை ஆழ்கழுத்துத் தசைகள். மேலடுக்கின் தசைகள் தலையைப் பெரிய அளவில் அசைக்கப் பயன்படுகின்றன. ஆழத்தில் உள்ளவை முள்ளெலும்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிலைநிறுத்துகின்றன. ஆழ்தசைகளின் உழைப்பை வெளியிலிருந்து தொட்டறிய முடியாது. ஆய்வாளர்கள் மெல்லிய மின்முனையை மூக்கு வழியாகச் செலுத்தித் தொண்டையின் பின்சுவரில் பொருத்தியே அதனை அளந்திருக்கிறார்கள். டெபோரா ஃபால்லாவும் அவருடைய குழுவினரும் இம்முறையில் செய்த ஆய்வுகளில், நாட்பட்ட கழுத்துவலி உடையவர்களிடம் ஆழ்தசைகளின் செயல்பாடு குறைந்தும் மேலடுக்குத் தசைகளின் செயல்பாடு மிகுந்தும் காணப்பட்டன. வெளித்தோற்றத்தில் அசைவு சரியாகவே நடந்தாலும் அதைச் செய்வது தவறான தசையாக இருக்கலாம் என்பது இதனால் தெளிவாயிற்று.

இங்கேதான் மல்லாந்து படுக்கும் நிலையின் சிறப்பு விளங்குகிறது. படுக்கையில் தலையின் எடை முழுவதையும் படுக்கையே ஏற்றுக்கொள்வதால், கழுத்துத் தசைகளுக்குச் சுமக்கும் வேலை அறவே இல்லாமல் போகிறது. அந்த ஓய்வான நிலையில் தலையை உயர்த்தாமல், மண்டையோட்டின் பின்பகுதி படுக்கையில் மெல்ல வழுகும்படி ஆமோதிப்பசைவைச் செய்தால், மேலடுக்குத் தசைகளுக்கு அங்கே வேலையில்லை. ஆழ்தசைகள் மட்டும் மெல்லிய விசையில் இயங்க வாய்ப்புக் கிடைக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்வெண்டோலின் ஜல் என்ற இயன்முறை மருத்துவப் பேராசிரியர் உருவாக்கிய சோதனை இந்த அடிப்படையில் அமைந்தது. முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுத்தவரின் கழுத்துக்கும் படுக்கைக்கும் இடையே, இரத்த அழுத்தமானியைப் போன்ற ஒரு காற்றுப்பையை வைத்து, அதில் 20 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் காற்றை ஏற்றுவார்கள். ஆமோதிப்பசைவில் கழுத்தின் வளைவு சற்றே தட்டையாகிப் பையை அழுத்தும்போது முள் நகரும். 22, 24 என்று இரண்டிரண்டாக உயர்த்தி 30 வரை சென்று, ஒவ்வொரு படியிலும் 10 நொடி நிலைத்து நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். முழு வீச்சே வெறும் 10 மில்லிமீட்டர்தான் என்பதிலிருந்து, இப்பயிற்சி எவ்வளவு மென்மையானது என்பதைப் புரிந்துகொள்ளலாம்.

காற்றுப்பை இல்லாதவர்கள் இரண்டு விரல்களைக் கழுத்தின் பக்கவாட்டில், மேற்சொன்ன கயிறு போன்ற தசையின்மேல் மெல்ல வைத்துக்கொண்டு செய்யலாம். பார்வையை முதலில் கூரையிலிருந்து கால்பக்கச் சுவருக்குத் தாழ்த்தி, அந்தப் பார்வையைத் தொடர்ந்து தாடையும் மெல்ல இறங்கும்படி விட்டால், விரலுக்கடியில் தசை இளகியே இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டோ மூச்சை அடக்கிக்கொண்டோ வேகமாக இழுத்தால் அது உடனே விறைத்து விரலை மேலே தள்ளும். அவ்வாறு விறைக்கும் கணமே அன்றைய எல்லை. அதற்குச் சற்றுக் குறைவான அளவில் 10 நொடி நிறுத்தி, 10 முறை செய்வதே இப்பயிற்சியின் வழக்கமான அளவு. வியர்க்கவில்லை, வலிக்கவில்லை, ஆகவே இதனால் பயனில்லை என்று எண்ணிக் கைவிடுபவர்கள் பலர். தொடக்கத்தில் இப்பயிற்சி கோருவது வலிமையை அன்று, தசைகளின் ஒழுங்கையே என்பதால், அந்த எண்ணம் பொருந்தாது. ஜல்லும் உடன் ஆய்வாளர்களும் கழுத்திலிருந்து எழும் தலைவலி உடைய 200 பேரிடம் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், மூட்டசைவுச் சிகிச்சையும் இவ்வகை மென்பயிற்சியும் ஆறு வாரங்கள் வெவ்வேறு குழுக்களுக்கு அளிக்கப்பட்டன. இரண்டாலும் கிடைத்த பயன் ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தது.

அதே மல்லாந்த நிலையில் தலையைப் படுக்கையிலிருந்து ஒரு அங்குலம் உயர்த்தினால் நிலைமை தலைகீழாகிறது. நிமிர்ந்து அமர்ந்திருப்பவரின் தலை ஏறக்குறைய கழுத்துக்கு மேலேயே இருப்பதால் கிடைமட்டத் தொலைவு சில சென்டிமீட்டர்கள்தாம். படுத்திருப்பவருக்கோ கழுத்து முழுவதும் கிடைமட்டமாகிவிடுவதால், கழுத்தின் அடியிலிருந்து தலையின் எடைமையம் ஏறக்குறைய ஒரு சாண் தொலைவுக்குப் போய்விடுகிறது. தலையை நெஞ்சை நோக்கித் தூக்கும் இந்தப் பயிற்சி ஆகவே கழுத்தின் முன்தசைகளுக்கு மிகக் கடினமானது. ஆழ்தசைகள் வலுவிழந்தவர் இதனைச் செய்யும்போது மேலடுக்குத் தசைகள் வேலையைப் பறித்துக்கொள்ள, தாடை மேலே துருத்திக்கொண்டு தலை மேலெழும். எந்தக் கோணலைத் திருத்த முற்பட்டாரோ அதே கோணலை அவர் படுத்தபடி பழகிக்கொள்கிறார் என்பதே இதன் விளைவு. தாடையை உள்வாங்கியபடி தலையை ஒரு அங்குலம் உயர்த்தி எவ்வளவு நேரம் தாங்கமுடிகிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. 2005-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் கழுத்துவலி இல்லாதவர்கள் சராசரியாக 39 நொடியும், வலி உள்ளவர்கள் 24 நொடியும் தாங்கினார்கள். உடற்பயிற்சிக் கூடங்களில் வயிற்றுப் பயிற்சிக்காகத் தலையைத் தூக்கி நூறு எண்ணுபவர்கள் இந்த எண்களை நினைவில் கொள்வது நல்லது. தலையைத் தூக்கும் பயிற்சி தவறானதன்று. ஆமோதிப்பசைவு கைவந்த பிறகு சில வாரங்கள் கழித்து வரவேண்டிய அதனை முதல் நாளே தொடங்குவதுதான் தவறு.

மல்லாந்த நிலையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேல்முதுகு கூன் விழுந்தவர் தலையணை இன்றிச் சமதரையில் படுத்தால், அவருடைய தலை பின்னே சரிந்து தாடை கூரையை நோக்கி உயரும். அந்நிலையில் ஆமோதிப்பசைவு தொடங்குவதே அரிது. நெற்றியும் தாடையும் ஒரே மட்டத்தில் வரும்வரை தலைக்கு அடியில் துண்டை மடித்து வைக்கவேண்டும். கழுத்துக்கு அடியில் அன்று, தலைக்கு அடியில். நாட்கள் செல்லச்செல்ல அந்த மடிப்புகளை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொள்ளலாம். மறுபுறம், இரண்டு தலையணைகளை அடுக்கிவைத்துப் படுப்பவர், தலை முன்பே முன்னோக்கித் தள்ளப்பட்டுவிடுவதால், பகலில் செய்யும் பயிற்சியை இரவு முழுவதும் அழித்துக்கொண்டிருப்பார்.

பின்னிழுப்பு, உட்கார்ந்த நிலைக்கு உரியதாகப் புகழ்பெற்றது. நியூசிலாந்தைச் சேர்ந்த இயன்முறை மருத்துவர் ராபின் மெக்கென்சி (1931–2013) வகுத்த சிகிச்சைமுறை வழியாகவே அது உலகெங்கும் பரவிற்று. அமர்ந்த நிலையில் புவியீர்ப்பு தலையைக் கீழ்நோக்கி இழுக்கிறது. தலையைப் பின்னே கொண்டுவரும் வேலையில் அது உதவவும் இல்லை, நேராகத் தடுக்கவும் இல்லை. தலை பின்னே வரவரச் சுமை குறைகிறது என்பதால், வேலை மேசையிலும் பேருந்திலும் சில நொடிகளில் செய்யக்கூடிய பயிற்சியாக இது அமைகிறது. ஆனால் அமர்ந்த நிலையில் கழுத்தின் தலையெழுத்தை எழுதுவது இடுப்பு. இடுப்பெலும்பு பின்னே சரிந்து கீழ்முதுகு வளைந்தால், மேல்முதுகும் கூனி, கழுத்தின் அடிப்பகுதி முன்னோக்கிச் சாய்ந்துவிடுகிறது. அந்தச் சாய்ந்த அடித்தளத்தின்மேல் தலையை எவ்வளவு பின்னிழுத்தாலும் இரட்டைத் தாடை விழுமே ஒழிய, தலை தோளுக்கு மேலே வராது. ஃபால்லா, ஜல் முதலியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்துகிறது: ‘நிமிர்ந்து உட்காருங்கள்’ என்று சொல்லக்கேட்டு ஒருவர் தாமே நிமிர்வதைவிட, சிகிச்சையாளர் இடுப்பையும் கீழ்முதுகையும் கையால் வழிநடத்தி நடுநிலைக்குக் கொண்டுவரும்போது ஆழ்கழுத்துத் தசைகள் கூடுதலாக இயங்கின. கழுத்தைத் தொடாமலேயே கழுத்துத் தசையை எழுப்ப முடிகிறது என்பது சிந்திக்கத்தக்கது.

தரையில் சம்மணமிட்டு அமரும் வழக்கம் உள்ள தமிழ் வீடுகளில் இது தனியே கவனிக்கவேண்டிய செய்தியாகும். தொடைமூட்டு இறுகியவர் சம்மணமிடும்போது இடுப்பு தானாகப் பின்னே சரிகிறது. அவர் கூனாமல் அமர முடியாது. மடித்த போர்வை ஒன்றைப் புட்டத்துக்கு அடியில் மட்டும் வைத்து, முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழும்படி செய்தால் இந்தச் சரிவு பெருமளவு நீங்கும். மென்மையான சோபாவில் அமிழ்ந்து அமர்ந்து கழுத்துப் பயிற்சி செய்வதைவிட, பலகை நாற்காலியின் முன்விளிம்பில் இரு பாதங்களும் தரையில் பதிய அமர்ந்து செய்வது எவ்வளவோ மேல்.

கைகளின் கிடப்பும் கணக்கில் வரும். ஒரு கையின் எடை உடலெடையில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு இரு கைகளும் சேர்ந்து 6 கிலோ, அதாவது தலையைவிடக் கனம். இந்த எடை தோள்பட்டை எலும்பு வழியாகக் கழுத்திலிருந்து இறங்கும் தசைகளில் தொங்குகிறது. அவற்றுள் ஒன்று முதல் நான்கு கழுத்து முள்ளெலும்புகளிலிருந்தே புறப்படுகிறது. கைகளை மடியிலோ மேசையிலோ தாங்கவைத்துப் பயிற்சி செய்யும்போது கழுத்து இலகுவாக அசைவதும், தொங்கவிட்டுச் செய்யும்போது தோள் காதை நோக்கி ஏறுவதும் இதனால்தான்.

குப்புறப் படுத்த நிலையிலும், கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிய நிலையிலும் தலை தரையை நோக்கித் தொங்குவதால், பின்னிழுப்பு நேரடியாகப் புவியீர்ப்பை எதிர்த்த அசைவாகிறது. மல்லாந்த நிலையில் முன்தசைகளுக்குக் கிடைத்த வேலை இங்கே பிடரித் தசைகளுக்குப் போகிறது. கழுத்தின் பின்புறத்திலும் ஆழ்தசைகள் உள்ளன என்பதாலும், அவையும் வலி உள்ளவர்களிடம் நலிவடைகின்றன என்பதாலும், இந்நிலைகள் தேவையானவையே. பார்வையை இரு கைகளுக்கும் இடையே தரையில் நிறுத்தி, தாடை முன்னே எழாதபடி பின்தலையைக் கூரையை நோக்கி உயர்த்தவேண்டும். தாடை எழுந்துவிட்டால் ஏற்கெனவே இறுகிய பிடரியுச்சித் தசைகளே மேலும் இறுகும். ஒருக்களித்துப் படுத்துச் செய்பவை பக்கவாட்டுத் தசைகளுக்கானவை. முன்தள்ளிய தலைக்கு அவற்றின் பங்கு சிறிது. சுவரில் முதுகைச் சாய்த்து நின்று செய்வது படுக்கைக்கும் நாற்காலிக்கும் இடைப்பட்டது. சுவர் தலை தொடவேண்டிய இடத்தைக் காட்டுகிறது, ஆனால் எடையைத் தாங்குவதில்லை.

படுத்துச் செய்வதே பாதுகாப்பு என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாமே என்று தோன்றலாம். ஆனால் அது போதாது. பிடரியுச்சியின் குட்டைத் தசைகளில் நீட்சியை உணரும் நுண்ணுறுப்புகள் உடலின் பிற தசைகளைவிட மிக நெருக்கமாக அமைந்துள்ளன. உட்காதில் உள்ள நுண்கற்கள் புவியீர்ப்பின் திசையை மூளைக்கு அறிவிக்கின்றன. இவ்விரு செய்திகளையும் கண்பார்வையையும் இணைத்தே மூளை தலையை நிறுத்தும் இடத்தைத் தீர்மானிக்கிறது. படுத்திருக்கும்போது இச்செய்திகள் யாவும் வேறானவை. தலை முன்னே சரிவது படுக்கையில் அன்று, நாற்காலியில். ஆகவே படுக்கையில் எழுப்பிய தசையை நாற்காலியிலும் நடையிலும் இயக்கிப் பழக்காவிட்டால் பயிற்சி பாதியில் நிற்கிறது. ஜல்லின் முறையிலும் படுத்த நிலைப் பயிற்சியோடு, அமர்ந்து நடுநிலைக்கு வரும் பயிற்சியைப் பகலில் பலமுறை செய்யும்படி சேர்த்தே கற்பிக்கிறார்கள்.

முன்தள்ளிய தலை உடையவர்கள் எல்லோருக்கும் வலி உண்டு என்றும் சொல்லமுடியாது. பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து 2019-இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், பெரியவர்களிடம் தலைநிலைக்கும் கழுத்துவலிக்கும் தொடர்பு காணப்பட்டது. வளரிளம் பருவத்தினரிடம் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. ஆகவே பள்ளிப் பிள்ளைகளின் கழுத்தைப் பார்த்துப் பெற்றோர் பதறவேண்டியதில்லை. ஆனால் கையில் மரப்பு, பிடிமானம் தளர்தல், நடை தடுமாற்றம், தலைச்சுற்றல், பார்வை இரட்டித்தல், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கூடிய கழுத்துவலி, விபத்துக்குப் பிந்தைய வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், முடக்குவாத நோய் கழுத்து மூட்டுகளைத் தாக்கியிருந்தாலும், எலும்புப் புரை முற்றியிருந்தாலும், எந்த நிலையிலும் எந்தப் பயிற்சியையும் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்கக்கூடாது. பயிற்சி எழுதித் தரப்படும்போது எத்தனை முறை என்று கேட்டுக்கொள்பவர்கள், எந்த நிலையில், தலைக்கு அடியில் என்ன வைத்து, எப்போது அடுத்த நிலைக்கு மாறுவது என்பதையும் அதே தாளில் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.